மறிபட்ட மரண அறிவித்தல்

எங்கள் ஊரில் குப்பையைக் கேட்டு வாங்குகிற ஒரேயொரு ஆள் உதயகலாதான். நல்லூரில், கோயிலின் பின்வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையொன்றில், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் என்று யாழ்ப்பாணத்தில் பல பேருக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்து நடத்துகிற சின்ன நிறுவனம் அது. பக்கத்து ஒழுங்கையில் ரியூசன் நிலையம் நடத்துகிற நானும் அவர்களுடைய வாடிக்கையாளன். வருகிற மெயிலில் எது குப்பை, எது குப்பையில்லை என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அங்கே அவளுடைய வேலை.

இதற்கென்று ஒரு ஆளா என்று நானே அவளிடம் கேட்டிருக்கிறேன். அழிக்கிற பொத்தானை அமத்த எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அவள் கோபிக்கவில்லை.

“சேர், உங்களுக்கு வாற நல்ல மெயிலை மறிச்சுப்போட்டு உங்களிட்டை ஏச்சு வாங்கவும் ஒரு ஆள் வேணுமெல்லோ” என்றாள்.

பருத்தித்துறைப் பெண். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து, பின்னேரம் பஸ் பிடித்துத் திரும்புவாள். இந்த வேலைக்கு வருமுன் பருத்தித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொமினிக்கேசன் கடையில் இருந்தவள். கொம்பியூட்டர் தெரியாத சனம் வந்து சொல்லச் சொல்ல, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மெயில் அடித்துக் கொடுப்பாள். நலம் விசாரிப்பும் அழுகையும் திட்டும் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. அதனால் எங்கள் சனம் எப்படி எழுதும் என்பது அவளுக்கு அத்துப்படி. கொழும்பிலிருந்து வருகிற ஆயத்த விதிகளுக்கு அது தெரியாது. தமிழில் நீளமாக எதைக் கண்டாலும் சந்தேகப்படுகிற விதிகள் அவை. அவற்றைத் தட்டி நிமிர்த்தித்தான் இங்கே பாவிக்க முடியும்.

வேலை நடக்கிற முறை இதுதான். யாருக்காவது குப்பை மெயில் வந்தால் ஒரு பொத்தானை அமத்துவார்கள். அது உதயகலாவிடம் வந்து சேரும். அப்படி வந்தவற்றை வாசித்து, அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைப் பிடிக்கிற மாதிரி ஒரு விதி எழுதுவாள். ஒவ்வொரு விதிக்கும் புள்ளி உண்டு. நாங்கள் பரீட்சைத்தாள் திருத்துவதைப் போலத்தான், ஆனால் இங்கே கூடப் புள்ளி எடுத்த மெயில்தான் தோற்றுப்போய், ஆளிடம் போகாமல் மறித்து வைக்கிற மறியல் பெட்டிக்குள் விழும். எழுதிய விதியை உடனே வெளியே விடுவதில்லை. முதலில் இரண்டு சேகரிப்புகளின் மேல் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒன்று கெட்ட மெயில் பெட்டி, மற்றது நல்ல மெயில் பெட்டி. கெட்டதில் நிறையப் பிடிபடவேண்டும், நல்லதில் ஒன்றும் பிடிபடக்கூடாது. அதற்குப் பிறகு றோய் பார்க்கவேண்டும்.

றோய் அவளுக்குப் பக்கத்து மேசை. மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை, அவளைவிட நாலைந்து வயது குறைவு, தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்பவனும் அவன்தான். விதி எழுதியவர் தானே அதை வெளியே விடக்கூடாது, மற்றவர் பார்த்து ஓம் சொல்லவேண்டும் என்பது அந்த அலுவலகத்துக் கட்டுப்பாடு. வெளியே விட்ட விதியை நீக்கி எடுக்கும்போதும் அப்படியே.

கெட்ட மெயிலுக்குப் பஞ்சமில்லை. நல்ல மெயில் சேர்க்கத்தான் அவள் பட்ட பாடு. எங்கள் சனம் குப்பையென்றால் தாராளமாகக் கொடுக்கும். உங்களுக்கு வந்த நல்ல மெயிலில் ஒரு பிரதி தாருங்கள், சோதித்துப் பார்க்கத்தான் என்றால், “என்ரை மெயில் உமக்கெதுக்கு?” என்று முகத்தைச் சுழிக்கும். பல்லைக் காட்டி, கெஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாள். கலியாண அழைப்பிதழ்கள், கொடியேற்ற அறிவித்தல்கள், பழைய மாணவர் சங்கக் கூட்டங்கள், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள். என் மகள் பெரியபிள்ளையானபோது அனுப்பிய சாமத்தியவீட்டு அழைப்பிதழும் அதற்குள்தான் கிடக்கிறது. நத்தார் கரோல் ஆராதனைக்கு றோயின் தேவாலயம் அனுப்பிய அழைப்பு ஒன்று அவளுடைய விதிகளில் பலவற்றைத் தோற்கடித்திருக்கிறது. விதி அதைப் பிடித்தால், விதியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி எழுத உட்காருவாள்.

போன மாரியில் ஒரு புதுவிதக் களவு தொடங்கியது. இணையத்தில் வரும் மரண அறிவித்தல்களைக் களவெடுத்து, படத்தையும் பெயரையும் அப்படியே வைத்து, கீழே ஒரு இணைப்பைப் போட்டு அனுப்பினார்கள். இறுதிக் கிரியையை நேரலையாகப் பார்க்க இதை அமத்துங்கள் என்று இருக்கும். அமத்தினால் வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்கும். செத்தவரின் படத்தைப் பார்த்த பதற்றத்தில் கொடுத்துவிட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த நாசமாய்ப் போவார் செத்ததுகளையும் விட்டுவைக்கவில்லையே என்று நான் வாய்விட்டுத் திட்டினேன். உதயகலாவும் மனதுக்குள் திட்டியிருப்பாள். பொத்தான் அமத்தி வந்தவற்றையெல்லாம் கூட்டி வைத்து ஒரு விதி எழுதினாள்.

எங்கள் மரண அறிவித்தல்கள் எல்லாமே ஒரு வாய்பாட்டில் வருபவை. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் என்று தொடங்கி, ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்’ என்று முடியும். அதன் கீழே நாலு நாட்டுத் தொலைபேசி இலக்கங்கள் இருக்கும். அந்த வாசகம், அந்த இலக்கங்கள், அதோடு ஒரு இணைப்பு, மூன்றும் சேர்ந்திருந்தால் மறி என்றது விதி. ஓடவிட்டுப் பார்த்தாள். கெட்ட பெட்டியில் களவு அறிவித்தல் அத்தனையும் பிடிபட்டது. நல்ல பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

“திறமான விதி, அக்கா” என்று சொல்லி றோய் வெளியே விட்டான். களவு மெயில்கள் நின்றுபோயின. வாடிக்கையாளர் சிலர் நன்றி சொல்லிக்கூட எழுதினார்கள், எங்கள் ஊரில் அது லேசில் நடக்கிற காரியமில்லை.

பஞ்சலிங்கம் என்பவர் தொலைபேசியில் வந்தது அதற்குப் பிறகு. கோண்டாவிலில் தனியே இருக்கிறவர், அரசாங்கத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கையில் கொண்டு திரிகிற போன் அவரிடம் இல்லை. வீட்டில் ஒரு பழைய தொலைபேசியும் ஒரு பழைய கொம்பியூட்டரும்தான்.

“தம்பி, என்ரை மெயில் வேலை செய்யுதோ எண்டு ஒருக்காப் பாரும்” என்றார்.

றோய் அவருக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பினான். அது போய்ச் சேர்ந்தது.

“ஓம், வந்திட்டுது. அப்ப சரி” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அலுவலகம் திறந்த கையோடு மறுபடியும் அவரே எடுத்தார். அதே கேள்வி. றோய் மறுபடியும் ஒரு சோதனை மெயில் அனுப்பினான். அதுவும் போய்ச் சேர்ந்தது. “அப்ப சரி” என்றார், வைத்தார். மனுசனுக்குப் பொழுது போகவில்லைப் போலும் என்று றோய் சிரித்தான். உதயகலா சிரிக்கவில்லை.

“ஒருதரம் கேட்டால் மெயில் பழுதோ எண்டு கேக்கிறார். திருப்பிக் கேக்கிறார் எண்டால் ஆரோ எழுதுவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார்” என்று சொல்லிக்கொண்டே மறியல் பெட்டியில் அவருடைய முகவரியைத் தேடினாள்.

ஒரேயொரு மெயில் கிடந்தது. தலைப்பில் மரண அறிவித்தல் என்றும் அருமைநாயகி என்ற பெயரும் இருந்தன. வாடிக்கையாளரின் மெயிலில் அவள் தலைப்பைத் தாண்டி வாசிப்பதில்லை. களவோ உண்மையோ என்று தெரியவேண்டியிருந்தபடியால் அன்று திறந்தாள். அறிவித்தலுக்கு மேலே கையால் எழுதியது போலச் சில வரிகள் இருந்தன.

‘மாமா, அம்மா இரவு மோசம் போயிட்டா. உங்கடை படலைக்குள்ளை எங்கடை ஆக்கள் கால் வைக்கப்படாது எண்டு சொன்னபடியால் இதிலை சொல்லுறன். நாளைக்குக் காலமை பத்து மணிக்கு எடுக்கிறம். நீங்கள் வந்து வாய்க்கரிசி போடவேணும். கடைசி மட்டும் அம்மா உங்களைத்தான் கேட்டவா. வாகீசன்.’

அனுப்பியது முதல்நாள் காலையில். அதில் ‘நாளைக்கு’ என்றது அன்றைய தினத்தைத்தான். கீழே வழக்கமான அறிவித்தல், நோர்வே, கனடா, லண்டன் இலக்கங்கள், வெளிநாட்டு உறவுகள் பார்ப்பதற்கு ஒரு நேரலை இணைப்பு. விதி சொன்ன மூன்றும் சரியாக இருந்தன. அறிவித்தலில் இருந்த செத்தவீட்டு விலாசத்தையும் பஞ்சலிங்கத்தின் விலாசத்தையும் உதயகலா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே ஒழுங்கை, அடுத்தடுத்த வளவு.

பிறகு எனக்குத் தெரிந்த கதை இது. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு. அதில் மோட்டர் பூட்டுகிற விசயத்தில் தமையனும் தங்கையும் முறுகி, கதைபேச்சு இல்லாமல் பல வருடம், தொலைபேசியில் எடுத்தாலும் வைத்துவிடுவார்கள். தங்கையின் மகன் வாகீசன் நோர்வேயில் இருப்பவன், மாமனோடு எப்போதாவது மெயிலில் மட்டும் தொடர்பு வைத்திருந்தவன், தாய்க்கு வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டு வந்து நின்றவன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரு சாவைச் சொல்ல அவன் தன் நோர்வே மெயிலைத் தேடிப் போனான். செய்தி உலகத்தைச் சுற்றி நல்லூர் வரை வந்து, கோண்டாவிலுக்குப் போகாமல் மறிபட்டுக் கிடந்தது. இந்த லட்சணத்தில் நாங்கள் படித்த சமூகமாம்.

அவர் ஏன் சும்மா போயிருக்கக்கூடாது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பறைமேளம் காதில் விழுந்திருக்கும், அழுகை விழுந்திருக்கும். ஊரார் என்றால் சொல்லாமலே போவார்கள். உரித்துக்காரர் என்கிற நெருங்கிய சொந்தம் அப்படியில்லை. அதுவும் கோபத்தில் இருக்கிற உரித்துக்காரருக்கு ஆள் வைத்தோ எழுதியோ சொல்லவேண்டும். சொன்னால் எந்தக் கோபமும் செல்லாது, போயே ஆகவேண்டும். சொல்லாவிட்டால், நீ எங்களுக்கு வேண்டாம் என்பதுதான் பொருள். முதல்நாள் முழுக்க அந்த மனுசன் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லுவார்கள், சொல்லுவார்கள் என்று பார்த்திருக்கிறார். மெயில் வேலை செய்கிறது என்று றோய் சொன்னபோதெல்லாம், தங்கையின் வீட்டார் தன்னைக் கழித்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு உறுதியாகியிருக்கிறது.

உதயகலா நல்ல மெயில் பெட்டியைத் திறந்து ஒருதரம் தேடிப் பார்த்தாள்.

“றோய், எங்கடை நல்ல பெட்டியிலை ஒரு செத்தவீடுகூட இல்லை.”

“ஆர் தருவினம், அக்கா?”

உண்மைதான், யாரும் தரமாட்டார்கள். சாவுச் செய்தி வந்த காகிதத்தை வாசித்த உடனே கிழித்துப்போடுகிற சனம் நாங்கள். வீட்டில் வைத்திருந்தால் கூடாது. அதையே மெயிலிலும் செய்கிறோம், வாசித்ததும் அழித்துவிடுவோம். அழிக்காதவரும் அதை எடுத்து ‘நல்ல மெயில்’ என்று பெயர் எழுதிய பெட்டிக்குள் போடுவாரா? நான் என்றால் போடமாட்டேன். தவறிப்போய் ஒருவர் அனுப்பிய ஒன்றை உதயகலாவே அழித்திருக்கிறாள், கலியாண அழைப்பிதழ்களோடு அது கிடக்கவேண்டாம் என்று. விதி நல்ல பெட்டியில் சறுக்காமல் தேறியது அதனால்தான். சறுக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

“எங்கடை வீட்டிலை அடக்க ஆராதனைத் தாளைப் பைபிளுக்குள்ளை வைச்சிருப்பம்” என்றான் றோய். “மெயிலிலை வந்ததும் என்னட்டைக் கிடக்கு. நீங்கள் குறைநினைப்பியள் எண்டுதான் தரேல்லை.”

திருத்திய விதி பிறகு எப்படிப் போனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். றோய் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான், தேவாலயத்திலும் கேட்டு வாங்கினான். உதயகலா, குப்பையை அறிவிக்கிற முறைப்பாட்டுப் பக்கத்தில் மரண அறிவித்தல்களுக்கென்று தனியாக ஒரு இடம் திறந்தாள். அதற்கு நல்லது என்றும் பெயரில்லை, கெட்டது என்றும் பெயரில்லை. அப்படியிருந்தால் சனம் கொடுக்கிறது. புதிய விதி, இணைப்பு எங்கே போகிறது என்பதை மட்டும் பார்க்கிறது, வாய்பாட்டைத் தொடுவதில்லை.

அன்று காலையில் அதற்கெல்லாம் நேரமிருக்கவில்லை. விதியை எடுக்க அவள் எழுதிக் கொடுத்தாள், றோய் அந்த இடத்திலேயே ஓம் கொடுத்தான். மறியலில் கிடந்த உண்மையான அறிவித்தல்கள் எல்லாவற்றையும் விட்டார்கள். பஞ்சலிங்கத்தின் தொலைபேசிக்கு எடுத்தார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது.

“மெயில் இப்ப போய்ச் சேந்திட்டுதுதானே, அக்கா. பாப்பார்.”

“அவர் இனிப் பாக்கமாட்டார், றோய். உம்மடை ஸ்கூட்டித் திறப்பைத் தாரும்.”

கோண்டாவிலில் அந்த ஒழுங்கை வாசலிலேயே வாகனங்கள் நின்றன. பந்தல் போட்ட வீட்டில் பறை அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுப் படலை சாத்தியிருந்தது. உதயகலா படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே கால் வைக்கப்படாது என்று மெயிலில் வாசித்தது அவளுக்கு நினைவிருந்தது.

பஞ்சலிங்கம் விறாந்தைக்கு வந்தார். குளித்துத் தோய்ந்து, வெள்ளை வேட்டி உடுத்தி, திருநீறு பூசி நின்றார். போவதற்கு ஆயத்தமாக நின்ற மனுசன்.

“ஆர் பிள்ளை நீர்?”

“மெயில் ஒபிசிலையிருந்து வாறன், ஐயா.”

“மெயில் வேலை செய்யுதாம். அந்தத் தம்பி சொல்லிப்போட்டுது.”

“அது பிழை ஐயா. உங்களுக்கு அவை நேற்றுக் காலமையே சொல்லிப்போட்டினம். வாகீசன் அனுப்பினவர். நான் எழுதின விதி ஒண்டு அதை மறிச்சுப்போட்டுது. இண்டைக்குத்தான் கண்டனான்.”

அவர் படிக்கட்டில் இறங்கி வந்து படலைக்கு உள்ளே நின்றார்.

“அவை அனுப்பியோ நீர் வந்தனீர்?”

“இல்லை ஐயா. நான் வந்தது அவைக்குத் தெரியாது.”

“நேற்றோ?”

“நேற்றுக் காலமை.”

அவர் படலையைத் திறந்தார். “வந்து காட்டும்” என்றார்.

பக்கத்து வளவில் பறையின் அடி மாறியது. பெண்களின் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. பெட்டியைத் தூக்கப்போகிறார்கள் என்று உதயகலாவுக்கு விளங்கியது.

“ஐயா, பாத்துக்கொண்டு நிண்டால் எடுத்துப்போடுவினம். முதல் போங்கோ.”

“காணாமல் எப்பிடிப் பிள்ளை போறது? வரச்சொல்லாத இடத்திலை போய் நிண்டு, ஏன் வந்தனீ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?”

கொம்பியூட்டரை ஒரு துணியால் மூடி வைத்திருந்தார். அந்தப் பழைய பெட்டி உயிர்பெற்று வர நேரம் பிடித்தது. எத்தனையோ விதியை எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் நின்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். மெயில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. அனுப்பிய திகதியை விரலால் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அதைச் சத்தமாக வாசித்தார்.

“கடைசி மட்டும் அம்மா உங்களைத்தான் கேட்டவா.”

அப்படியே எழும்பி நடந்தார். சால்வை கதிரையில் கிடந்தது, செருப்பும் போடவில்லை. ஓட ஏலாத வயது. உதயகலா சால்வையை எடுத்துக்கொண்டு பின்னாலே போனாள்.

பெட்டி மூடிப் படலைக்கு வெளியே வந்துவிட்டது. வாகனத்தின் பின்கதவு திறந்திருந்தது. கொள்ளிக்குடத்தோடு நின்ற வாகீசன் மாமனைக் கண்டான். பறை நின்றது. ஒழுங்கையில் நின்ற சனம் விலகி வழி விட்டது.

“உங்களுக்குச் சொன்னனாங்கள், மாமா” என்றான் வாகீசன். குரலில் ஈரமில்லை.

“ஓம் மோனை. எனக்கு இப்பதான் கிடைச்சது.”

“மூடினதைத் திறக்கிறதில்லை” என்று வயதான ஒருவர் தொடங்கினார். அப்படித்தான் வழக்கம், அவரில் பிழையில்லை. வாகீசன் மாமனையே பார்த்துக்கொண்டு நின்றான். செருப்பில்லாத கால், வெறும் மேல். அவனுடைய முகம் மெல்ல உடைந்தது.

“இறக்குங்கோ. திறவுங்கோ. மாமா வந்திட்டார்.”

உட்காருகிற இரண்டு நீள மரவாங்குகளைக் கொண்டுவந்து ஒழுங்கையிலேயே போட்டுப் பெட்டியை இறக்கினார்கள். யாரோ உள்ளே ஓடிப்போய் அரிசி கொண்டுவந்தார்கள். பஞ்சலிங்கம் தங்கையின் வாயருகே அரிசியைப் போட்டார். ஒருதரம் போட்டார், இன்னொருதரம் போட்டார், பிறகு கையை எடுக்காமல் அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். “நான் இஞ்சைதானே இருந்தனான், பிள்ளை. இஞ்சைதானே இருந்தனான்” என்று சொல்லிச் சொல்லி அழுதார். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் அழாதவர் இல்லை. உதயகலாவும் முன்பின் தெரியாத அந்தச் சாவுக்கு, சால்வையைக் கையில் பிடித்தபடி, சொந்தச் சாவுக்கு அழுவது போல அழுதாள்.

மூடித் திரும்ப ஏற்றினார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி உதயகலாவைப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியாத முகம், தமையனோடு அவர் வளவுக்குள்ளிருந்து வந்த முகம்.

“ஆர் இந்தப் பிள்ளை?”

பஞ்சலிங்கம் அவள் கையிலிருந்த சால்வையை வாங்கிக் கண்ணைத் துடைத்தார்.

“எனக்குச் சொல்ல வந்த பிள்ளை” என்றார்.